எண்ணூறு மீட்டரில் நம் வீடு

கதிர்,

முந்தாநாள் நீ போனில் சொன்ன செய்திக்கு நான் "அப்படியா, சந்தோஷம்" என்று மட்டும் சொன்னதில் உனக்கு வருத்தம் என்று அப்பா சொன்னார். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்த அதே நகராட்சியில், அதே மூன்றாவது மாடியில், குவாரியையும் குப்பையையும் பார்க்கிற அதே பிரிவில் நீ சேரப்போகிறாய் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். நீயோ, "டிப்ஸ் ஏதாவது இருந்தா மூணு பாயிண்ட்ல வாட்ஸ்அப் பண்ணுங்கம்மா" என்றாய். மூன்று பாயிண்ட் எழுத உட்கார்ந்தேன். முதல் பாயிண்டை எழுத வேண்டுமென்றால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல ஆரம்பித்தால் பாயிண்ட் எல்லாம் நிற்காது. உனக்குத் தமிழ் வாசிக்க இங்கிலீஷைவிட நாலு மடங்கு நேரம் ஆகும் என்று தெரியும். தமிழில் எழுதுவதே அதற்காகத்தான். வேகமாகத் தாண்டிப் போக முடியாது பார்.

இதை உனக்கு அனுப்பிய கையோடு நம் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். அப்பா, "பத்து வருஷம் கழிச்சு எதுக்கு இது, எல்லாரும் நிம்மதியா இருக்காங்க" என்கிறார். அவர் நிம்மதியாக இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

நம் வேலையை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம்: எங்கே தோண்டலாம், எங்கே கொட்டலாம். இந்த அரபு ஊருக்குக் கல்லும் ஜல்லியும் வேண்டும், குவாரி யாருக்கும் வேண்டாம். எல்லார் வீட்டிலும் குப்பை உண்டு, குப்பை போகிற இடம் மட்டும் யார் கண்ணிலும் படக்கூடாது. நடுவில் ஒருத்தி வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள்தான் நான். திருச்சியில் உன் பெரியப்பாவுக்கு இதைப் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. "பாலைவனத்துல மணலுக்கு பர்மிஷன் குடுக்குறதுக்கு ஒரு ஆபீஸா? கடல்ல தண்ணிக்கு டோக்கன் குடுக்குற மாதிரில்ல இருக்கு" என்று ஒவ்வொரு லீவிலும் கேட்பார். பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பாகிவிடும், கான்கிரீட்டில் பிடிக்காது, அதனால் மலையை உடைத்துத்தான் இங்கே கட்டடம் கட்டுகிறார்கள் என்று ஒவ்வொரு லீவிலும் சொல்வேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, சம்பளம் ஒழுங்கா வருதுல்ல" என்பார்.

நீயே எனக்கு ஒரு தடவை பெரிய உபகாரம் செய்தாய். இரண்டாம் வகுப்பில் உன் டீச்சர், அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்டிருக்கிறார். நீ எழுந்து நின்று, "எங்கம்மா குப்பையில இடம் தேடுறாங்க" என்றிருக்கிறாய். குப்பைக்கு இடம் என்று சொல்ல வந்தது உனக்கு அப்படித்தான் வந்தது. மறுநாள் அந்த டீச்சர் எனக்குப் போன் செய்து, மிகவும் மெதுவான குரலில், "மேடம், ஸ்கூல்ல பழைய யூனிஃபார்ம் நிறைய இருக்கு. வெட்கப்படாம வந்து வாங்கிக்கலாம்" என்றார். நான் நேரில் போய் அடையாள அட்டையைக் காட்டி விளக்கிவிட்டு வந்தேன். அப்பா முழுக்கதையும் கேட்டுவிட்டு, "உன் சைஸ் இருந்துச்சான்னு அம்மா பாத்துட்டு வந்திருக்கலாமே கதிர்" என்று உன்னிடம் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இனி நான் செய்த காரியம். நீ அப்போது பத்தாம் வகுப்பு. ஊரில் சின்னக் குப்பை வண்டிகள் எல்லாம் பாலைவனத்துக்குள் இருக்கும் குப்பைக் கிடங்கு வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன. பாதி நேரம் வழியிலேயே போய்விடும். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கொட்டகை கட்டி, சின்ன வண்டிகள் அங்கே இறக்கிவிட்டுப் போக, அங்கிருந்து பெரிய டிரெய்லர்கள் ஏற்றிக்கொண்டு போவது என்று முடிவானது. அந்தக் கொட்டகைக்கு இடம் பார்க்கும் ஃபைல் என் மேஜைக்கு வந்தது. ஐந்து இடம் பார்த்து, மூன்றாகக் குறைத்து, ஏ, பி, சி என்று பெயர் வைத்து, மதிப்பெண் போட்டேன். ஏ-யில் நிலத்தடிக் குழாய் போகிறது, அது அடிபட்டுப்போனது. அதிக மதிப்பெண் பி-க்கு. பி எங்கே இருந்தது தெரியுமா? நம் கட்டடத்துக்குப் பின்னால், கிடங்குகள் இருக்கும் சாலைக்கு அந்தப் பக்கம். வரைபடத்தில் அளந்து பார்த்தேன். எண்ணூறு மீட்டர். சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கினால் நம் பால்கனியே தெரிந்தது. கொடியில் உன் மஞ்சள் ஃபுட்பால் ஜெர்சி காய்ந்துகொண்டிருந்தது.

அந்த நிமிடமே எழுந்து போய் டைரக்டரிடம், "சார், நான் இங்கே குடியிருக்கிறேன், இந்த ஃபைலை வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். விதியும் அதுதான். நான் சொல்லவில்லை. ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பயம் கொஞ்சம், நல்ல ஃபைல், கைவிட மனமில்லை. பெருமைதான் அதிகம். தன் வீட்டுப் பின்புறத்திலேயே குப்பைக் கொட்டகைக்கு இடம் கொடுத்த நேர்மையான அலுவலர் என்று என்னை நானே நினைத்துப் பார்த்துக்கொண்டேன், மிகவும் நன்றாக இருந்தது. கொட்டகை மூடியதுதான், நாற்றம் வெளியே வராது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. உங்கள் யாரிடமும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபைல் விஷயத்தை வீட்டில் பேசக்கூடாது என்பதும் விதிதானே. எனக்கு வசதியான விதியை மட்டும் நான் மிகச் சரியாகக் கடைப்பிடித்தேன்.

பி, சி இரண்டு இடத்துக்கும் ஆட்சேபம் கேட்டு நோட்டீஸ் வெளியானது. அப்பாவை உனக்குத் தெரியும். விடியற்காலையில் ஜெபல் அலியில் வேலைக்கு பஸ் பிடித்தால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். ஹோட்டலில் சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூடச் சொல்ல மாட்டார், ஊறுகாய் கேட்பார். அந்த மனிதர் நோட்டீஸைப் பார்த்த நாளிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் தலைவர். பஸ்ஸில் போகும்போது செய்தி, வரும்போது செய்தி. வெள்ளிக்கிழமை நம் ஹாலில் கூட்டம். பதினொரு பேர் வந்தார்கள். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். நாலாம் மாடி வர்கீஸ் சார் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம் முனிசிபாலிட்டியில்தானே? உள்ளே என்ன நடக்குதுன்னு மேடத்துக்குத் தெரியாதா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "அவளுக்கு இதெல்லாம் தெரியாது சார். அவ குவாரி செக்‌ஷன். மலை, கல்லு, அது மட்டும்தான்." அதற்கு முன் சில வருடம் எனக்குக் குவாரி ஃபைல்களே வந்துகொண்டிருந்ததால் அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். நான் சட்னி எடுத்து வர உள்ளே போய்விட்டேன். அது நான் சொன்ன பொய் இல்லை என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சட்னிக்குள் தலையை விட்டுக்கொள்வதும் பொய்தான், கதிர்.

கூட்டம் முடிந்ததும் அப்பா ஒரு காகிதத்தோடு அடுக்களைக்கு வந்தார். ஆட்சேப மனு. "நீ கொஞ்சம் இங்கிலீஷைப் பாத்துக் குடு" என்றார். வாசித்தேன். கொசு, எலி, நாற்றம், வீட்டுக்கு வரும் உறவினர்கள் என்ன நினைப்பார்கள், இப்படியே இரண்டு பக்கம். மறுக்க ஒரு நிமிடம் போதும், அவ்வளவு சொத்தையான மனு. நான் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் தொழில்காரிக்கு மோசமான மனுவைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. "என்னங்க இது, நாற்றம் அடிக்கும்னு எழுதினா அடிக்காதுன்னு பதில் எழுதிட்டுப் போயிடுவாங்க. கேள்வியா கேளுங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எங்க அளந்தீங்கன்னு கேளுங்க. காலையில ஸ்கூல் பஸ் வர்ற நேரத்துல குப்பை வண்டியெல்லாம் எங்க வரிசையில நிக்கும்னு கேளுங்க" என்றேன். அப்பாவின் கண் விரிந்தது. "நீயே எழுதிடேன்" என்றார். எழுதினேன். ஒன்பது கேள்விகள். என் திட்டத்தின் ஓட்டை எல்லாம் எனக்குத்தானே தெரியும்? ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டேன். கடைசி வரியை எழுதி முடித்தபோது, இதற்குப் பதில் சொல்லப்போகிறவளை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது.

ஐந்து நாள் கழித்து அது என் மேஜைக்கு வந்தது. நாற்பத்தாறு கையெழுத்தோடு. டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். உனக்கு அவரைத் தெரியாது, நீ சேரும்போது அவர் இருக்க மாட்டார். உள்ளூர்க்காரர், எல்லாரும் அபு ஹமத் என்று கூப்பிடுவோம். வெள்ளை கந்தூரா அங்கியில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஒரு வார்த்தை அதிகம் இருக்காது. மனுவைத் தூக்கிக் காட்டி, "இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. இதை எழுதியது யார்? அவரை நாம் வேலைக்கு எடுக்க வேண்டும்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "யல்லா, சீக்கிரம் பதில் எழுது" என்றார்.

எங்கள் பிரிவில் வரைபடம் போடுகிறவர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், இப்போதும் அங்கேதான் இருக்கிறார், உனக்கு நல்ல துணையாக இருப்பார். அவர் மனுவை வாங்கி இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னிடம் குனிந்து, "அக்கா, நான் ஒண்டு கேக்கட்டோ? இந்த 'நாட்வித்ஸ்டாண்டிங்' எண்ட சொல்லு எங்கட ரிப்போர்ட்டிலயும் பக்கத்துக்குப் பக்கம் கிடக்குது. இந்த ஊரில வேற ஆரும் அதைப் பாவிக்கிறவையோ?" என்றார். நான், "வேலையைப் பாருங்க சிவா" என்றேன். அவர் வேலையைப் பார்த்தார். ஆனால் சிரித்துக்கொண்டே பார்த்தார்.

ஒன்பதில் ஏழுக்குப் பதில் எழுதிவிட்டேன், நன்றாகவே எழுதினேன். இரண்டுக்கு எழுத முடியவில்லை. வண்டி வரிசை எங்கே நிற்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. காற்றை நான் அளக்கவில்லை. வெகுதூரத்தில், கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் விமான நிலையத்தின் கணக்கை எடுத்து ஒட்டியிருந்தேன். நாற்பத்தாறு கையெழுத்தையும் பதில் இல்லாத இரண்டு கேள்வியையும் பார்த்த டைரக்டர், "சி-க்கு எத்தனை ஆட்சேபம்?" என்று கேட்டார். "ஒன்றுகூட இல்லை." "கலாஸ், அவ்வளவுதான். சி-க்குப் போகலாம்."

அன்று வீட்டில் திருவிழா. அப்பா தன் கையாலேயே கேசரி கிளறினார். கட்டி கட்டியாக இருந்தது. மாடி மாடியாகக் கொண்டு போய்க் கொடுத்தார். லிஃப்ட் பக்கத்தில் நின்று, "ஒற்றுமையா இருந்தா எதையும் சாதிக்கலாம்" என்று பேசினார், நீயும் கை தட்டினாய். நானும் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். தோற்ற ஆளும் நானே, ஜெயித்த ஆளும் நானே, கேசரியை எந்தப் பக்கத்துக்கு எழுதுவது என்று தெரியவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை. நம் வீட்டுப் பக்கம் வரவில்லை என்ற நிம்மதி. நேர்மையான அலுவலருக்கு உள்ளே அது இத்தனை நாளும் உட்கார்ந்திருந்திருக்கிறது.

மறுநாள் சிவநேசன் சி-யின் இறுதி வரைபடத்தைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "அக்கா, சி-க்குக் கிழக்கால ரெண்டு லேபர் கேம்ப் கிடக்கு. பெரிய கேம்ப். நிறையச் சனம். ரிப்போர்ட்டில 'குடியிருப்போர் இல்லை' எண்டு கிடக்கு. அப்பிடியே விடட்டோ?" நான் படத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு கேம்ப்பும் வரைபடத்தில் ஊதா நிறம். ஊதா என்றால் தொழிற்பேட்டை. தொழிற்பேட்டையில் கிடங்கும் பட்டறையும் இருக்கும், ஆட்கள் குடியிருக்க மாட்டார்கள், ஆகவே பூஜ்யம். அந்த ஊதாவை அடித்தது நான்தான். வீட்டுக்கு மஞ்சள், கேம்ப்புக்கு ஊதா. கேம்ப்பில் தூங்குகிறவனை நான் இயந்திரங்களோடு சேர்த்து எண்ணியிருந்தேன். அதுவும் சரியில்லை, இயந்திரத்தையாவது எண்ணியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை சாமான் வாங்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு நான் காரை எடுத்துக்கொண்டு போனது அங்கேதான். மதியம் மூன்று மணி. காற்றை அளக்கக் கருவி வாங்கினால் ஆபீஸில் கேள்வி வரும். பூஜை அலமாரியிலிருந்து ஒரு கட்டு ஊதுபத்தி எடுத்துப் போயிருந்தேன். சி-யின் நடுவில், வெட்ட வெளியில், மணலில் ஐந்து ஊதுபத்தியைச் செருகிக் கொளுத்திவிட்டு, புகை எந்தப் பக்கம் போகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தால் கேம்ப் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து மரியாதையாகத் தள்ளி நிற்கிறார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்.

"கோயில் கட்டப்போறாங்களாம்மா?" என்றார் அவர். பெயர் முருகேசன், புதுக்கோட்டை. கிரேன் ஓட்டுகிறவர்.

"இல்லைங்க. குப்பைக் கொட்டகை" என்றேன்.

செருப்பை மறுபடி போட்டுக்கொண்டார்.

"நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்களே, பாக்கலையா?"

"கேட்டுப் பக்கத்துல ஒரு பேப்பர் இருந்துச்சும்மா. அரபியும் இங்கிலீஷும். ரூமுக்கு ஆள் தேடுறாங்கன்னு நெனச்சோம்."

"காத்து எந்தப் பக்கம் அடிக்கும் இங்க?"

அவர் புகையைப் பார்த்தார். அது நேராக கேம்ப் ஜன்னல்களைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. "இதுக்கு எதுக்கும்மா ஊதுபத்தி? எங்களக் கேட்டா சொல்லியிருப்போமே. மூணு மணிக்கு மேல கடல் காத்து, மேக்கேருந்து கெழக்க. துணி காயப்போடுறவனுக்கு தெரியாதா?" பக்கத்தில் நின்ற இன்னொருவர் கேட்டார்: "நாங்க வேணாம்னு எழுதிக் குடுக்கலாமாம்மா?" "குடுக்கலாம்" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முருகேசன், "கையெழுத்துப் போட்டா கம்பெனியில என்ன சொல்லுவாங்களோ" என்றார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் ஓடிப்போய் ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து கொடுத்தார். வெயிலில் நின்றுகொண்டு குடித்தேன்.

வீட்டுக்கு வந்து, நீ டியூஷனுக்குப் போன பிறகு, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"அப்போ நான் இத்தனை நாள் யாரை எதிர்த்துப் போராடினேன்?"

"என்னைத்தாங்க."

"நீ எனக்கு பஜ்ஜி போட்டுக் குடுத்த!"

"ஆமாங்க."

"ஒம்போது பாயிண்டையும் மனப்பாடம் பண்ணி லிஃப்ட்ல பேசினேனேடி!" என்று எழுந்து பால்கனிக்குப் போனார். திரும்பி வந்தபோது கோபம் வேறு இடத்துக்குப் போயிருந்தது. "அந்த கேம்ப்ல எத்தனை பேரு?" என்று கேட்டார். சொன்னேன். "நான் கேசரி குடுத்தேனே எல்லாருக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை முழுவதும் அவர் போனைத் தொடவே இல்லை. குழுவில், "தலைவர் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டைரக்டர் அறைக்குப் போனேன். கைப்பையில் என் சான்றிதழ் நகல்களை வைத்துக்கொண்டுதான் போனேன். வெளியே அனுப்பினால் மறுபடி வேலை தேட வேண்டுமே. உனக்கு அப்போது பரீட்சைக்கு இரண்டு மாதம். நான் எங்கே குடியிருக்கிறேன், மனு யார் எழுதியது, ஊதா நிறம் என்றால் என்ன, மூன்றையும் சொன்னேன். அபு ஹமத் காவாக் காபியை ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"நீ எழுதிய ஆட்சேபத்துக்கு நீயே பதில் எழுதினாயா?"

"ஆமாம் சார்."

"யார் ஜெயித்தது?"

"ஆட்சேபம் சார்."

அவர் சிரித்தார். கந்தூரா குலுங்கச் சிரித்தார். நான் தப்பித்தேன் என்று நினைத்து நானும் லேசாகச் சிரித்தேன். அவர் உடனே நிறுத்திக்கொண்டார். "இரண்டு தவறும் ஒன்றல்ல. வீட்டை மறைத்தது உன் தவறு. கேம்ப்பில் ஆள் இல்லை என்று கையெழுத்துப் போட்டது என் பெயரிலும் இருக்கிறது" என்றார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார், அது என் பணிப்பதிவேட்டில் கடைசிவரை இருந்தது. ஃபைலைச் சிவநேசனிடமும் இன்னொரு பொறியாளரிடமும் மாற்றினார். என்னை ஒரு வருடத்துக்கு மலைப்பக்கக் குவாரிகளுக்கு அனுப்பினார். தினமும் இரண்டு மணி நேரம் போக, இரண்டு மணி நேரம் வர. கல் உடைக்கும் இயந்திரத்தின் தூசியில் என் கறுப்புக் கைப்பை வெள்ளையானது, புருவம் வெள்ளையானது, மதியச் சாப்பாட்டை ஒரு தடவை ஆடு தின்றது. "ஏம்மா இப்பல்லாம் மாவு மில்லுலேர்ந்து வர்ற மாதிரி வர்றீங்க?" என்று நீ கேட்டபோது, "ப்ரமோஷன்டா" என்றேன். நீ உன் நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னாய். அதற்கும் சேர்த்து இப்போது மன்னித்துக்கொள்.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. அப்பாவும் சிவநேசனும் தனித்தனியாகச் சொன்னார்கள், இரண்டும் ஒன்றாகவே இருந்தன. யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், பெயரும் சொல்ல வேண்டாம், நகராட்சியே கேம்ப்புக்குப் போய்க் கேட்கும் என்று அபு ஹமத் முடிவு செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை கேம்ப் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். நம் கட்டடத்தின் சார்பில் அப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் மூன்று வாரம் கருவி வைத்துக் காற்றை அளந்திருந்தார்கள். சிவநேசன் தமிழிலும் அவருடைய உடைந்த ஹிந்தியிலும் விளக்கினார். சி-யில் வைத்தால் மதியத்திலிருந்து மாலைவரை காற்று நேராக கேம்ப்புக்கு வரும். பி-யில் வைத்தால் அதே காற்று டைல்ஸ் கிடங்குகளுக்கு மேல் போய்விடும். விடிகாலையில் மட்டும் கொஞ்ச நேரம் திரும்பி நம் கட்டடத்துப் பக்கம் வரும்.

முருகேசன் எழுந்து, "அப்ப மொத எடத்துலயே கட்டியிருக்கலாமே சார், ஏன் கட்டல?" என்று கேட்டிருக்கிறார். கூடத்தில் எல்லாரும் அப்பாவைப் பார்த்திருக்கிறார்கள். அப்பா எழுந்தார். ஒன்பது பாயிண்டும் மனப்பாடம் அவருக்கு. அதை எல்லாம் விட்டுவிட்டு, "அங்க நாங்க இருக்கோம்" என்றார்.

"இங்க நாங்க இருக்கோம் சார்" என்றார் முருகேசன். கோபமாகச் சொல்லவில்லையாம். தெரியாத ஒருவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாராம்.

அப்பா, "சரிங்க" என்று உட்கார்ந்தார்.

அந்தக் கொட்டகை பி-யில்தான் வந்தது, உனக்குத் தெரிந்த அதே பச்சைக் கூரைக் கட்டடம். கதவுகள் எல்லாம் கிழக்குப் பக்கம். வண்டிகள் பின்சாலை வழியாக, ஸ்கூல் பஸ் போன பிறகுதான் உள்ளே வரும். நம் குழுவில் இதைச் சொல்லும் வேலையும் அப்பா தலையில்தான் விழுந்தது. பதினேழு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். மிச்சம் இருந்தவர்களைச் சமாதானப்படுத்த அவர், "நாத்தம் வந்தா நேரா என் வீட்டுக்கு வந்து கேளுங்க" என்று எழுதித் தொலைத்தார். பன்னிரண்டாம் வகுப்புவரை நம் வீட்டுக் காலிங் பெல் ஏன் அப்படி அடித்தது என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். லிஃப்டில் யாரோ அத்தர் கொட்டினால் பெல். வர்கீஸ் சார் வீட்டில் கருவாடு வறுத்தால் பெல். ஒரு தடவை வர்கீஸ் சாரே வந்து அவர் வீட்டுக் கருவாட்டைப் பற்றியே புகார் சொன்னார். அப்பா ஒவ்வொரு தடவையும் செருப்பை மாட்டிக்கொண்டு, மாடி மாடியாக மோந்து பார்த்துக்கொண்டு போய், காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத்தான் வருவார். கொட்டகையிலிருந்து வந்தது என்று இரண்டு தடவை நிஜமாகவே தெரிந்தது. இரண்டு தடவையும் அவரே போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார், கதவைச் சரி செய்தார்கள்.

ஆக, உனக்கு நான் சொல்ல இருப்பது அதிகம் இல்லை. கம்ப்யூட்டரில் ஊதா நிறத்தைப் பார்த்தால் எழுந்து அங்கே போ. மதிய வெயிலில் போ, ஆபீஸ் காரிலிருந்து இறங்கி நில். அங்கே துணி காய்கிறதா என்று பார். காய்ந்தால் யாருடையது என்று கேள். நோட்டீஸை அந்த மனிதர்கள் வாசிக்கிற மொழியில் எழுது, உனக்கு வராத மொழி என்றால் சிவநேசனைக் கேள், அவருக்கு எல்லாமே பாதி பாதி வரும். உன் வீடு, உன் நண்பன் வீடு, நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் வீடு, எது வரைபடத்தில் தெரிந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடு. நேர்மையாக இருப்பதாக உனக்கு நீயே தோன்றும் நாளில் கொஞ்சம் கூடுதலாகப் பயப்படு. ஆபீஸில் சேர்ந்தபின் எந்த ஃபைலைப் பற்றியும் என்னிடம் கேட்காதே. கேட்டாலும் நான் குக்கர் சத்தத்தில் காது கேளாத மாதிரி இருந்துவிடுவேன்.

இன்னொன்று. நம் கட்டடத்துக்குத் தெற்கே, பெட்ரோல் பங்கைத் தாண்டி, ஒரு காலி இடம் கிடக்கிறது. இடித்த கட்டடச் சிதிலங்களைக் கொட்டி அரைக்க அந்த இடத்தைப் பார்க்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. அது உன் மேஜைக்கு வருமா என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வந்தால் நீ உன் அம்மா வீட்டை உடனே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள். ஒதுங்க விடாமல் உன்னிடமே கொடுத்தால், நாங்கள் எல்லாரையும் போல நோட்டீஸை வாசித்துவிட்டு எழுதுவோம். அப்பா குழுவை மறுபடி கூட்ட ஆரம்பித்துவிட்டார், வெளியே போனவர்களில் ஒன்பது பேர் திரும்பி வந்தாயிற்று. அம்மா எழுதியது என்பதற்காக அந்த மனுவைக் கட்டின் மேலே வைக்காதே, அடியிலும் வைக்காதே. வந்த வரிசையில் வை. கேள்விகள் கஷ்டமாகத்தான் இருக்கும், பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுது. இதை எழுதியது யார் என்று உன் டைரக்டர் கேட்டால் நீ தரையைப் பார்க்க வேண்டியதில்லை. இந்தத் தடவை முதல் கையெழுத்து என்னுடையது, பக்கத்திலேயே ஃபிளாட் நம்பரும் இருக்கும்.

அம்மா